ஒரு சொட்டும் இறங்கவில்லை

தார்ப்பாய் நல்லதா இல்லையா என்பதைக் கடையில் வைத்துச் சொல்ல முடியாது. கடையில் எல்லாத் தார்ப்பாயும் நல்ல தார்ப்பாய்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து, நாலு மூலையையும் கட்டி, நடுவில் தொங்கலாக விட்டு, இரண்டு வாளித் தண்ணீரை ஊற்ற வேண்டும். அடியில் ஒரு செய்தித்தாளை விரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். காலையில் ஊற்றினால் சாயங்காலம் வந்து பார்க்கலாம். தாள் மொறமொறப்பாக இருந்தால் பாய் தேறியது.

சாய்நாத் தம்பி, நான் எழுதித் தருவதை ஸ்டேஷனுக்காக மராத்தியில் பெயர்க்கும்போது அவசரப்பட வேண்டாம். இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் நான் இந்தியிலேயே சொல்லியிருப்பேன். ஐம்பத்திரண்டு வருஷம் இந்த ஊரில் இருப்பவனுக்கு இந்தி வராமல் இல்லை. ஆனால் இந்தியில் எனக்குச் சண்டை போடத் தெரியும், வழி சொல்லத் தெரியும். ஒரு விஷயத்தை முதலிலிருந்து முடிவுவரை ஒழுங்காகச் சொல்லத் தமிழ்தான் வேண்டும். அதனால் கைப்பட எழுதித் தருகிறேன். ஸ்டேஷனில் யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டீ கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை.

என் பெயர் வெயிலுமுத்து. வயது எழுபத்தொன்று. சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே இருக்கிறோம். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தேன். கடைசிப் பத்து வருஷம் தைக்கவில்லை. மற்றவர்கள் தைத்ததைப் பார்த்துத் தேறியது, தேறாதது என்று சொல்வதே என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை என்னை விடவில்லை. மே மாதக் கடைசியில், கூரைமேல் விரிப்பதற்கு முன்னால், எங்கள் சந்தில் எல்லோரும் தங்கள் தார்ப்பாயை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, தேறியதற்கு மூலையில் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்துக் கொடுப்பேன். கூலி வாங்கியதில்லை. கோடு போட்ட பாய் ஒழுகியது என்று ஒருவரும் என் வாசலுக்கு வந்ததில்லை. பாயை விரிக்கும்போது காற்றுக்கு ஒரு கையகலம் இடைவெளி விட வேண்டும் என்றும் சொல்லி அனுப்புவேன். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

நான் இங்கே வந்தது ஒரு வாக்கியத்துக்காக. என் மருமகள் விஜயலட்சுமியும் அவளோடு வேலை பார்த்த பெண்ணும் ஜூலை மாதம் லோனாவாலாவுக்கு மேலே ஒரு மலையில், தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் இறந்துபோனார்கள். அந்த மலைப்பக்கத்து ஸ்டேஷனில் விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தில் ‘தரமற்ற தார்ப்பாய், உள்ளே ஒழுகியிருந்தது’ என்று இருக்கிறது. என் மகன் நாகராஜ் படித்துச் சொன்னான். அந்த வாக்கியம் தவறு. அதைத் திருத்த வேண்டும். மற்றவற்றையும் அதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நாகராஜ் மஸ்கட்டில் இருக்கிறான். கல்யாணமாகி ஆறு வருஷம். கடைசி மூன்று வருஷத்தில் இரண்டு தடவைதான் வந்துபோனான். மருமகள் செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிசப்ஷனில் இருந்தாள். காலையில் போய் இருட்டுமுன் வந்துவிடுவாள். வீட்டு வேலையில் குறை சொல்ல முடியாது. மாமனார் மாமியாருக்கு எதிர்ப் பேச்சுக் கிடையாது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. ஒரு பெண்ணைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லாதபோதுதான் குடும்பத்துப் பெரியவன் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது என் அனுபவம்.

நான் கவனித்தேன். ஃபோனில் பேசும்போது சிரிப்பாள். நாகராஜோடு பேசும் சிரிப்பு எனக்குத் தெரியும். இது வேறு சிரிப்பு. யார் என்று கேட்டால், “ஹரிதா மாமா, எங்கூட வேலை பாக்குத பொண்ணு, வீடு மாட்டுங்காவுல” என்பாள். அந்த ஹரிதாவை நாங்கள் பார்த்ததே இல்லை. வீட்டுக்குக் கூட்டிவா என்று பேராச்சி இரண்டு தடவை சொல்லியும் வரவில்லை. பேராச்சி என் மனைவி.

ஜூன் மாதம் ஒருநாள் மருமகள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அடுப்படி மேடையில் அவள் ஃபோன் அடித்தது. ஹரிதா என்று பெயர் வந்தது. எடுத்தேன். “ஹலோ” என்று ஓர் ஆண் குரல். நான் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். அவளிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். பதில் சொல்லத் தெரியாதவர்கள் இந்தக் காலத்தில் யாரும் இல்லை.

ஜூலை முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு பார்சல் வந்தது. மருமகள் பிரித்து என் முன்னால் வைத்தாள். எட்டடிக்குப் பத்தடி, பச்சை நிறம், உள்ளே வெள்ளிப் பூச்சு. மலைக்குப் போகிறவர்கள் கயிற்றில் தொங்கவிட்டுக் கீழே படுக்கும் தார்ப்பாய். விலை மலிவு.

“மாமா, ஆன்லைன்ல எடுத்தேன். வாட்டர்ப்ரூஃப்னு போட்டிருக்கான். நீங்க பாத்து ஓகேன்னு சொன்னாத்தான் நான் நம்புவேன்” என்றாள்.

“எங்கே போறதுக்கு?”

“அடுத்த சனிக்கிழமை ட்ரெக்கிங் மாமா. மழையில மலை அவ்வளவு நல்லா இருக்குமாம். ஒரு ராத்திரி தங்கிட்டு ஞாயித்துக்கிழமை வந்திருவோம். அவங்ககிட்ட கேட்டுட்டேன், போயிட்டு வான்னுட்டாங்க.”

அவங்க என்றால் நாகராஜ். என்னைக் கேட்குமுன் மஸ்கட்டைக் கேட்டாகிவிட்டது.

“எத்தனை பேரு?”

“ரெண்டு பேருதான். நானும் ஹரிதாவும். ஷ்யாமளான்னு ஒருத்தி வாறேன்னா, அப்புறம் அவ வீட்டுல விடலைன்னுட்டா.”

ஷ்யாமளா வீட்டில் விடவில்லை. அந்த வீட்டிலும் ஒரு பெரியவர் இருந்திருக்கிறார்.

“ரெண்டு பேருக்கு இது காணாதே.”

“ஒட்டிப் படுத்துக்கிடுவோம் மாமா. குளிருக்கு அதுதான நல்லது” என்று சிரித்தாள்.

பேராச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏங்க, பிள்ள கேக்காள்லா, பாத்துச் சொல்லுங்களேன். மூணு வருஷமா வேலை, வீடு, வேலை, வீடுன்னு கெடக்கா. ரெண்டு நாள் போயிட்டு வந்தா தாராவி ஒண்ணும் இடிஞ்சு விழுந்திராது” என்றாள்.

எங்கள் ஊர்க்காரர்கள் சங்கத்து ஆபீஸ் முன்னால் கொஞ்சம் திறந்த இடம் உண்டு. ஒரு பக்கம் விளக்குக் கம்பத்திலும் மறுபக்கம் ஜன்னல் கம்பியிலும் பாயைக் கட்டித் தொங்கல் விட்டேன். முதலில் துணியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். மூச்சு மறுபக்கம் போகவில்லை. தண்ணீரை விடாத துணி காற்றையும் விடாது. பிறகு வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஊசித் துவாரம் இருந்தால் புள்ளி புள்ளியாக மின்னும். ஒன்றும் மின்னவில்லை. விலைக்குத் துணி மோசமில்லை. பூச்சு நன்றாகவே ஏறியிருந்தது. நடுத் தையல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தையலுக்கு மேல் பட்டை ஒட்டவில்லை. மலிவுச் சரக்கில் கையை அங்கேதான் சுருக்குவார்கள்.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது இஸ்திரிக் கடை இசக்கி வந்து நின்றான். எங்கள் சந்தில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவனுக்குத் தெரியும்.

“என்ன அண்ணாச்சி, சீசன் முடிஞ்சுபோச்சே, இது யாருக்கு?”

“மருமகளுக்கு. மலைக்குப் போறா.”

“மலைக்கா? மாப்பிள்ள மஸ்கட்லல்லா இருக்கான், யாருகூட ஹனிமூனு?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும், “சும்மா மஜாக் பண்ணேன் அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க” என்றான்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இசக்கி வாயில் வந்தது சந்து முழுக்க வர எத்தனை நாளாகும் என்று மட்டும் கணக்குப் போட்டேன். எங்கள் அப்பா ஊரைவிட்டு வந்தபோது கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. பெயரை மட்டும் கொண்டுவந்தார். இந்தச் சந்தில் பஞ்சாயத்து என்றால் என் வீட்டு வாசலில்தான் நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு வீட்டுப் பெண்ணைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை.

சாயங்காலம் தாளை எடுத்துப் பார்த்தேன். நடுத் தையலுக்கு நேர் கீழே மூன்று இடத்தில் ஈரம், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவு. மருமகளும் குனிந்து பார்த்தாள்.

“ஃபெயிலா மாமா? அப்ப போகலை. நீங்க தேறாதுன்னுட்டா நான் போக மாட்டேன். ஹரிதாட்ட சொல்லிருதேன்” என்றாள். முகம் வாடிவிட்டது.

இந்த இடத்தை ஐயா நன்றாகக் கவனிக்க வேண்டும். தேறாது என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எதை முடித்ததாகும்? இந்தச் சனிக்கிழமை போகாதவள், எனக்குத் தெரியாமல் வேறு சனிக்கிழமை போவாள். தெரிந்து போவது நல்லது. தவிர, தையல் கசிவு சரிசெய்யக்கூடிய குறை. சரிசெய்யக்கூடிய குறைக்காக ஒரு பாயைத் தள்ளுவது என் வழக்கமில்லை.

“போ. நான் சரிபண்ணித் தாறேன்” என்றேன்.

ரெயின்கோட் தைக்கிறவர்கள் தையலுக்கு மேல் சூடாக ஒட்டும் பட்டை உண்டு. பழைய பட்டறையில் வாங்கிவந்து நடுத் தையல் முழுக்க இரண்டு பக்கமும் ஒட்டினேன். விளிம்புத் தையலுக்கும் ஒட்டினேன். மலைச் சாரல் பக்கவாட்டில் அடிக்கும் என்பதால், பட்டறையில் கிடந்த நல்ல துணியில் இரண்டு முனைக்கும் மறைப்புத் தைத்தேன். ஒன்றில் வாசல், உள்ளிருந்து மூடிக்கொள்கிற மாதிரி. கீழே சுற்றிவர முக்கால் முழம் மடிப்பு, கல்லும் மண்ணும் வைத்து அமுக்க. வெறும் பாய் இப்போது கூடாரமாகிவிட்டது. இரண்டு முனையிலும் உச்சியில் ஒரு கையகலம் திறப்பு விட்டு, மழை விழாமல் அதற்கு ஒரு சின்னக் குல்லாயும் தைத்தேன். புதன்கிழமை மறுபடி கட்டினேன். இரண்டு வாளிக்குப் பதில் ஆறு வாளி ஊற்றினேன். தொங்கலை அடியிலிருந்து முழங்கையால் தேய்த்தும் பார்த்தேன். மட்டமான பூச்சாக இருந்தால் தேய்த்த இடத்தில் வியர்க்கும். வியர்க்கவில்லை. சாயங்காலம் தாளை எடுத்தபோது அப்பளம் போல மொறமொறவென்று இருந்தது. அவ்வளவு நல்ல பாய் அந்த வருஷம் நான் பார்க்கவில்லை.

அதுவரை என் மனதில் வேறொன்றும் இல்லை. இதை நம்பச் சொல்லி நான் கெஞ்ச மாட்டேன். சொல்லிவைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, அவள் வேலைக்குப் போன பிறகு, கேஸ் சிலிண்டர் புத்தகத்தைத் தேடி பீரோவைத் திறந்தேன். மேல்தட்டில் அவளுடைய நகைப்பெட்டி பாதி மூடியிருந்தது. உள்ளே ஒரு கைக்குட்டை. விரித்தால் தாலிச் சங்கிலி. நாகராஜ் கட்டியது. தட்டை எடுத்து ஊர் முன்னால் நீட்டியவன் நான்.

தாலியைக் கழற்றி வைத்துவிட்டு மலைக்குப் போகிறாள்.

யாரையாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். குடும்பத்தில் பெரியவன் இப்படிப்பட்டதைக் கேட்கக் கூடாது. கேட்ட நிமிஷத்திலிருந்து அது பேச்சாகிவிடும். தானே தெரிந்துகொள்ள வேண்டும், தானே முடிவுசெய்ய வேண்டும். அந்தக் குரலை நான் கேட்டாகிவிட்டது. ஒட்டிப் படுப்போம் என்று அவள் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. இசக்கி சிரித்தாகிவிட்டது. கைக்குட்டையை இருந்தபடியே மடித்து வைத்தேன்.

பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உச்சியில் விட்டிருந்த இரண்டு திறப்பையும் தைத்து அடைத்தேன். மேலே பட்டை ஒட்டினேன். ஒரு மணி நேர வேலை.

கையகலம் இடைவெளி விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு என்றேன். தொண்ணூற்றாறாம் வருஷ மழையில் எங்கள் பட்டறையில் ஈரப் பாய்களைப் பரண் சுற்றித் தொங்கவிட்டிருந்தோம். பாய் காயட்டும் என்று கரியடுப்பைப் பரணில் வைத்துவிட்டு இரண்டு தையல்காரர்கள் அங்கேயே படுத்துவிட்டார்கள். காலையில் நான்தான் போய் எழுப்பினேன். எழவில்லை. உடம்பில் ஒரு காயம் இல்லை. முகம் இரண்டும் வெயிலில் நடந்துவந்தவர்கள் முகம்போலச் சிவந்திருந்தது. டாக்டர் வந்து, மூடின இடத்தில் கரி எரிந்தால் விஷக் காற்று சேரும், வாசனை இருக்காது, தூங்குகிறவனுக்குத் தெரியாது என்றார். அன்றிலிருந்து எங்கள் சந்தில் ஒரு குழந்தைக்குக்கூட இதை நான் சொல்லாமல் விட்டதில்லை. மருமகள் வந்த முதல் மழையிலேயே அவளுக்கும் சொல்லியிருக்க வேண்டும். கூரை என் பொறுப்பு, அவளுக்கு எதற்கு என்று விட்டிருந்தேன். அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் வந்ததும் கூடாரத்தைத் தரையில் விரித்துப் பார்த்தாள். பார்க்கத் தெரிந்த பெண். “மேல ஓட்டை விட்டிருந்தீங்கல்லா மாமா, அத ஏன் அடைச்சீங்க?” என்று கேட்டாள்.

“சாரல் வரும்.”

“ஆமா, அங்க காத்து பயங்கரமா அடிக்குமாம்” என்றாள்.

வீட்டில் சின்ன இரும்புச் சிகடி ஒன்று இருந்தது. கரியடுப்பை இங்கே சிகடி என்பார்கள். அதையும் ஒரு பை கரியையும் கட்டிக் கொடுத்தேன். டீ போட்டுக்கொள்ளலாம், வெளியே வைத்துக்கொள்கிறேன் என்றாள். வெளியே மழையில் கரி பிடிக்காது, உள்ளே கால்மாட்டில் வைத்துக்கொள், குளிருக்கும் ஆச்சு, வாசலை மட்டும் நன்றாக மூடிவிடு என்றேன்.

“புகை மண்டாதா மாமா?”

“கனிஞ்ச கரியில புகை வராது.”

இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. கனிந்த கரியில் புகை வராது. திறப்பு இருந்தால் சாரல் வரும். என் வாழ்நாளில் தார்ப்பாய் விஷயத்தில் நான் பொய் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை புறப்படும்போது வந்து நின்றாள். முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். எங்கள் வீட்டில் வெளியூர் போகிறவர்களுக்குப் பெரியவர் திருநீறு பூசுவது வழக்கம். பூசினேன். “போயிட்டு வாறேன் மாமா, உங்க டென்ட்டை நூறு ஃபோட்டோ எடுத்துட்டு வாறேன்” என்றாள். பேராச்சி தெருமுனைவரை கூடப் போனாள்.

திங்கட்கிழமை அந்த மலைப்பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நானும் இசக்கியும் போனோம். அங்கே பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேட்டி, கண்ணாடி, கையில் ஒரு பெண்ணின் பை. பஞ்சு என்று பெயர் சொன்னார். மாட்டுங்காவில் இருப்பவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஹரிதாவின் அப்பா.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்கதானா விஜியோட மாமனார்? போன மாசம் இந்த ட்ரெக்கிங் பேச்சு எடுத்த அன்னிக்கே உங்களோட பேசணும்னு இவ ஃபோன்லேந்து விஜிக்குப் பண்ணேன். யாரோ எடுத்து வெச்சுட்டா. எனக்கு இவளை அனுப்பவே மனசில்லே, கேட்டேளா. டென்ட்டெல்லாம் விஜியோட மாமனார் பாத்துப் பாத்துத் தெச்சுத் தந்திருக்கார், முப்பது வருஷம் அதே வேலையா இருந்தவராக்கும்னு சொன்னா. அதுக்கப்பறம்தான் சரி போயிட்டு வான்னேன்” என்றார்.

நான் ஃபோனில் கேட்டது அந்தக் குரல்தானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே ஒரு ஹலோ. ஃபோனில் எல்லாக் குரலும் கொஞ்சம் மாறித்தான் கேட்கும். என் கையை அவர் வெகுநேரம் விடவில்லை.

ஹரிதா என்று ஒரு பெண் உண்மையிலேயே இருப்பாள் என்று நான் எண்ணியிருக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். மருமகளுக்குப் பக்கத்தில் யார் படுத்திருப்பார் என்று எண்ணினேனோ, அவருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அந்தப் பெண் நடுவில் வந்தது என் திட்டத்தில் இல்லை. பஞ்சு அவர்களிடம் இதை யாராவது பக்குவமாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நன்றாக இருக்காது.

நாகராஜ் வந்து காரியம் எல்லாம் செய்தான். பதினாறாம் நாள் பீரோவைத் திறந்து சங்கிலியைக் கையில் எடுத்தவன், “இது எப்படி இங்க?” என்றான். பேராச்சி தலையில் அடித்துக்கொண்டு, “நாந்தாண்டா கழட்டி வையின்னேன். ரெயில்ல கழுத்தோட அத்துட்டுப் போறானுவளே. அவ மாட்டேன்னுதான் சொன்னா. நாந்தான் மஞ்சக் கயித்துல மஞ்சத் துண்டைக் கோத்து எங் கையால கட்டிவிட்டேன்” என்று அழுதாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பொட்டலத்தில் மஞ்சள் கயிறு இருந்தது உண்மைதான். நானே வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்டிருந்ததால் சனிக்கிழமை அது என் கண்ணில் படவில்லை. பேராச்சி கழற்றச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உடனே கழற்றிவிட வேண்டுமா என்பது வேறு கேள்வி.

இதோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். கரியடுப்பை உள்ளே வைத்துத் தூங்கியதால் வந்த விபத்து என்று எழுதியாகிவிட்டது. குடும்பப் பெயருக்கு ஒன்றும் இல்லை. சந்தே வந்து அழுதுவிட்டுப் போனது. ஆனால் பாய் ஒழுகியது என்று காகிதத்தில் இருப்பதை நாகராஜ் சொன்ன மறுவாரம், நான் கோடு போட்ட பாயைக் கூரையிலிருந்து இறக்கி மடித்து, பின்பக்கமாக வேறு ஆளிடம் கொண்டுபோகிறார்கள். இசக்கி என் காதுபடவே, “அண்ணாச்சி சொந்த மருமவளுக்குப் பாத்த பாயே ஒழுகிட்டாம், நம்ம பாயை எவன் கண்டான்” என்று சொல்லிக்கொண்டு இஸ்திரி போடுகிறான். எழுபத்தொரு வயதில் இதைக் கேட்டுக்கொண்டு நான் அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

அதனால் ஐயா எழுதிக்கொள்ள வேண்டியது இது. அந்த ஸ்டேஷன்காரர்கள் கூடாரத்துக்குள் பார்த்த தண்ணீர் மழைத் தண்ணீர் இல்லை. காற்றை விடாத துணிக்குள், வெளியே குளிரும் உள்ளே கதகதப்புமாக இரண்டு பேர் படுத்திருந்தால், துணியின் உள்பக்கம் முத்து முத்தாகப் பூக்கும். தெரியாதவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பாய் ஒழுகுகிறது என்பார்கள். மலிவுப் பாயை வாங்கிப் பார்க்கிற எல்லோரும் முதலில் செய்கிற பிழை அது. அந்த ஈரம் அவர்கள் இருவரின் மூச்சு. பாய் அந்த ஸ்டேஷனில் இன்னும் இருக்கும். வரவழைத்து, கட்டித் தொங்கவிட்டு, எத்தனை வாளி வேண்டுமானாலும் ஊற்றிப் பாருங்கள். மழையில் ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. அவர்களைப் பாய் கொல்லவில்லை. திறப்பை அடைத்தும், சிகடியைக் கொடுத்தும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டும் நான்தான் கொன்றேன். தெரிந்து செய்தேன். யாரும் எனக்கு உதவவில்லை. பேராச்சிக்கு ஒன்றும் தெரியாது.

நாகராஜுக்கு இதன் நகல் ஒன்று போக வேண்டும். அவன் முதலில் கோபப்படுவான். அவன் மானத்துக்காகச் செய்தது என்று போகப் போகப் புரிந்துகொள்வான்.

அந்த மலைக் கிராமத்தில், காலையில் முதலில் போய்ப் பார்த்தவர், வாசலில் இரண்டு ஜோடிப் பெண்கள் செருப்பு மட்டும் இருந்தது என்றும், வேறு ஆள் வந்துபோன தடம் ஏதும் இல்லை என்றும் சொன்னதாக அதே காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள். அன்று விடியும்வரை அங்கே மழை. தடம் எப்படி நிற்கும்.